டாடா நீர்மின் நிலையங்களும் கிருஷ்ணா நீரும்: உரிமை யாருக்கு?

மும்பையின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் தர 1910-இல் தொடங்கப்பட்ட டாடா நீர்மின் நிறுவனம், லோணாவளா மலையில் மழைநீரைத் தேக்கி, சுமார் 500 மீட்டர் கீழே உள்ள கோப்போலிக்குக் குழாய்களில் இறக்கி, 1915-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. பிவ்புரி நிலையம் 1922-இலும், முல்ஷி அணை நீரால் இயங்கும் பிரா நிலையம் 1927-இலும் வந்தன.

இயல்பாகக் கிழக்கே ஓடி பீமா ஆற்றின் வழியாகக் கிருஷ்ணாவில் சேர வேண்டிய இந்த நீர், மின் உற்பத்திக்குப் பின் மேற்கே அரபிக் கடலை நோக்கிச் செல்கிறது. கிருஷ்ணா படுகைக்கு அதில் ஒரு சொட்டும் திரும்புவதில்லை. எனவேதான் ஒரு நிறுவனத்தின் நீர்ப் பயன்பாடு, கிருஷ்ணா நீரைப் பங்கிடுவது பற்றிய மாநிலங்களுக்கிடையிலான வழக்கில் தனிக் கவனம் பெற்றது.

இந்தியச் சட்டத்தில் ஆற்று நீரை ஒழுங்குபடுத்தும் உரிமை அரசுடையது; 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே (Easements Act) அதை வெளிப்படையாகக் காத்துள்ளது. அணையும் குழாயும் நிறுவனத்தின் சொத்தாக இருக்கலாம், ஆறு அதன் சொத்தாகாது. கிருஷ்ணா நீர் வழக்கை விசாரிக்க 1969-இல் அமைக்கப்பட்ட பச்சாவத் தீர்ப்பாயமும் நிறுவனத்துக்கெனத் தனிப் பங்கு வழங்கவில்லை. மகாராஷ்டிரத்துக்கு ஒதுக்கிய நீருக்குள்ளேயே, மேல் பீமா துணைப்படுகையிலிருந்து டாடா நிலையங்களுக்கோ வேறு திட்டத்துக்கோ வெளியே திருப்பும் அளவுக்கு அது உச்சவரம்பு விதித்தது: ஒரு நீராண்டில் 54.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), தொடர்ச்சியான எந்த ஐந்து நீராண்டுகளிலும் 212 டி.எம்.சி. நீராண்டு ஜூன் 1-இல் தொடங்கும்.

இந்த இரட்டை வரம்பைச் சேர்த்தே படிக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் முழு அளவில் 163.5 டி.எம்.சி. எடுத்துவிட்டால், மீதி இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 48.5 டி.எம்.சி. மட்டுமே எஞ்சும். நல்ல மழைக்காலத்தில் கூடுதலாக எடுக்க இடமுண்டு, ஆனால் நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு 42.4 டி.எம்.சி.யைத் தாண்ட முடியாது.

அணைக்காக நிலமிழந்த முல்ஷி உழவர்கள் இக்கணக்கில் எங்கும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது. 1921-இல் தொடங்கிய முல்ஷி சத்தியாகிரகத்துக்குத் தலைமையேற்ற சேனாபதி பாபட் சிறை சென்றார், ஆனாலும் அணை கட்டும் பணி நிற்கவில்லை. தீர்ப்பாயம் மாநிலங்களின் வழக்கை மட்டுமே விசாரிக்கும் அமைப்பு என்பதால், அவர்களின் கேள்வி அதன் முன் வர வழியே இருக்கவில்லை.

இந்த அளவுகள் மகாராஷ்டிரத்தைக் கட்டுப்படுத்தும் உச்சவரம்புகளே. நிறுவனத்துக்கு இவ்வளவு நீர் கட்டாயம் தரப்படும் என்ற உத்தரவாதம் அவற்றில் இல்லை.