கருமணலுக்குள் தேன்கூடு

ராமநாதபுரம் கடலோரத்தில், வாலிநோக்கம் பக்கம், அலை வாங்கியதும் மணலில் கருப்பாக வரி விழுந்திருக்கும். சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். கருப்பில் பெரும்பங்கான இல்மனைட்டுக்கு (இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த தாது) சுமார் 4.7. லேசானதை அலை இழுத்துப் போக, கனமானது தங்கிவிடுகிறது.

அந்த வரியில் ஒரு காந்தத்தை ஓட்டினால் சில துகள்கள் பாய்ந்து வந்து ஒட்டும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. இல்மனைட் லேசில் மசியாது, வலுவான காந்தம் வேண்டும். இரண்டிலும் இரும்புதானே இருக்கிறது?

இரும்பு உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இல்மனைட் படிகத்தில் ஓர் அடுக்கு இரும்பு, அடுத்தது டைட்டானியம் என்று மாறி மாறி வரும், இடையில் ஆக்சிஜன். ஒவ்வோர் அடுக்கிலும் அணுக்கள் தேன்கூட்டு அறுகோணங்களின் மூலைகளில் இருக்கும், நடு காலி. இரும்பணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் நான்கு இருப்பதால் அது ஒரு குட்டிக் காந்தம். டைட்டானியமோ நான்கு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது, காந்தத்தன்மை இல்லை. அது குறுக்கே இருப்பதால் இரும்பு அடுக்குகளுக்குள் பிடிப்பு குறைவு. நம் ஊர் வெயில் என்ன, பனிக்கட்டியின் குளிரில்கூட இந்தக் குட்டிக் காந்தங்களின் வரிசை கலைந்துவிடும். மைனஸ் 215 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால்தான் ஒரே அடுக்கின் இரும்பெல்லாம் ஒரு திசை, அடுத்த இரும்பு அடுக்கு எதிர்த்திசை என்று ஒழுங்காகும். டைட்டானியத்தின் இடத்திலும் இரும்பே வந்தால்? அதுதான் ஹெமடைட். அதே எலும்புக்கூடு, ஆனால் காந்த ஒழுங்கு சுமார் 675 டிகிரி வரை தாங்கும்!

மின்சாரத்திலும் இந்த அடுக்குக்கு வேலை உண்டு. இரும்பிலிருந்து பக்கத்து டைட்டானியத்துக்கு எலக்ட்ரான் தாவ முடியும் என்பதால் இல்மனைட் ஓரளவு மின்சாரம் கடத்தும். தாதுமணல் ஆலைகளில் மின்புலத்தை வைத்து, மின்சாரம் கடத்தாத கார்னெட், சிர்க்கான் தாதுக்களிடமிருந்து இதைப் பிரிப்பது இப்படித்தான். கூடவே வரும் ரூட்டைலை (டைட்டானிய ஆக்சைடு) கழிக்கக் காந்தம்.

இரும்புக்குப் பதில் மாங்கனீசு போட்டால் கதை இன்னும் சுவாரசியம். மாங்கனீசில் டி-ஆர்பிட்டல்கள் எனப்படும், எலக்ட்ரான்கள் தங்கும் ஐந்து அறைகளிலும் ஆளுக்கொரு எலக்ட்ரான். பக்கத்து அணுவின் எலக்ட்ரான் எட்டிப் பார்க்க வேண்டுமானால் எதிர்த்திசையில்தான் வர முடியும். ஒரே அறையில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் இருக்கக்கூடாது என்ற பவுலியின் விதி அப்படி. அதனால் ஒரே அடுக்குக்குள்ளேயே அக்கம்பக்கத்து அணுக்கள் மேல், கீழ் என்று திரும்பி நிற்கும். தேன்கூட்டில் இரண்டு வகை மூலைகள் அடுத்தடுத்து வருகின்றன. இரும்பில் அவை ஒன்றுபோல இருந்தன, இங்கே வேறாகிவிட்டன. படிகத்தின் ஒரு சமச்சீர் உடைகிறது. அந்த நிலையில் காந்தப்புலத்தைக் கொடுத்தால் படிகத்துக்குள் மின்னூட்டங்கள் விலகி, மின்முனைவாக்கம் பிறக்கும். சரி, கருவியில் பயன்படுத்தலாமா என்றால், இதுவும் மைனஸ் 209-க்குக் கீழேதான் நடக்கும். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்தாலும் போதாது.