பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறுவது எப்படி?

“பிரேக் பிடிக்கும்போது மின்சார காரின் பேட்டரி சார்ஜ் ஆகிறதாமே, அப்படியானால் சக்கரத்தில் ஒரு டைனமோவை மாட்டி, ஓட ஓடவே சார்ஜ் செய்துகொள்ளலாம் அல்லவா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கம்பிச்சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டது, பள்ளியில் படித்தது. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரம் என்பதும் தெரிந்ததே. சுருள்களில் சுழலும் காந்தப்புலம், மோட்டாரின் நடுவே சுழலும் பகுதியான சுழலிக்குச் சற்று முன்னால் ஓடினால் அதை இழுத்துச் செல்லும். சற்றுப் பின்தங்கினால் பிடித்து நிறுத்தும்; அப்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். முன்னா பின்னா என்பதை, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையில் இருக்கும் மின்னணு சுவிட்சுகளின் தொகுப்பான இன்வெர்ட்டர் முடிவு செய்கிறது.

சரி, ஒரு சிக்கல். பல கார்களில் பேட்டரி ஏறத்தாழ 400 வோல்ட். மெதுவாக உருளும் வண்டியின் மோட்டாரில் பிறப்பதோ சில பத்து வோல்ட். குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்துக்கு மின்சாரம் எப்படி ஏறும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்வெர்ட்டர் சுருளின் முனைகளை ஒரு கணம் ஒன்றாக இணைத்துவிடுகிறது. மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றி வலுக்கிறது. உடனே அந்த இணைப்பைத் துண்டிக்கிறது. ஓடிய மின்னோட்டம் சட்டென்று நிற்காது. வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் அதிர்வதுபோல, சுருளில் அழுத்தம் எகிறுகிறது. 400 வோல்ட்டைத் தாண்டியதும் மின்னோட்டம் பேட்டரிக்குள் பாய்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இது நடக்கிறது. இதற்கென்று தனிக் கருவி கிடையாது. வண்டியை ஓட்டும் அதே சுருள், அதே சுவிட்சுகள்!

இப்போது டைனமோவுக்கு வருவோம். சுருளில் பிறக்கும் மின்னோட்டம், தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும். இது 1834-இல் லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி. பிரேக் பிடிக்கும்போது அந்த எதிர்ப்புதான் நமக்கு வேண்டும். ஓடும்போது அதே எதிர்ப்பை மோட்டார் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். டைனமோ தருவதைவிட அதற்குச் செலவாவது அதிகம். ‘சார்ஜே தேவைப்படாத வண்டி’ என்று சுற்றும் காணொளிகளை நம்பிப் பணம் போடாதீர்கள். அந்த ஆர்வமும் பணமும் பேட்டரி ஆய்வுக்குப் போக வேண்டியவை.

1,500 கிலோ கார் மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் 3 லட்சம் ஜூல், அதாவது சுமார் 83 வாட்-மணி. சாதாரண பிரேக்கில் அத்தனையும் வெப்பமாகிவிடும். இதில் பெரும்பகுதியை மீட்கலாம். மிச்சம் மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் சூடாகிப் போகும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் மீட்டதை வைக்க இடமில்லை. அப்போதும், திடீரென்று நிறுத்த வேண்டிய அவசரத்திலும், பழைய உராய்வு பிரேக்தான் வேலை செய்யும்.