நாய் தானாக நிற்காது: அரிசோனா மலைப்பாதைகளில் வெப்பவாதம்

ஃபீனிக்ஸ் நகரின் தெற்கே உள்ள சவுத் மவுண்டன் பூங்காவைக் கிழக்கு மேற்காக நெடுகக் கடக்கும் நேஷனல் ட்ரெயில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ளது. கிழக்கு முனையான பீமா கேன்யன் பக்கத்திலிருந்து ஏறுபவர்களுக்கு, அந்தப் பாதையின் பெரும்பகுதி மறைப்பே இல்லாத மலைமுகட்டு நடை. வழியில் குடிநீர் கிடைக்கும் என்று நம்பிச் செல்ல முடியாது. நிழல் என்று சொல்லத்தக்கவை பாலோ வெர்டே மரங்களின் மெல்லிய நிழலும் ஆங்காங்கே பாறை மறைவுகளும் மட்டுமே. குளிர்காலத்தில் மிக அழகான பாதை. நாயோடு நடப்பதற்கும் ஏற்றது. ஆனால் கால்நடை மருத்துவராக அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நான், இதுபோன்ற பாதைகளிலிருந்து நேராகத் தூக்கி வரப்படும் நாய்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் நாய் வளர்ப்போர் பெருகியிருப்பதால், மேசையின் மறுபக்கம் நின்று தமிழில் அழுபவர்களையும் இப்போது சந்திக்க நேர்கிறது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால் நகரின் மலைப்பாதைகளில் நாய்களை அழைத்துச் செல்லக் கூடாது என்று ஃபீனிக்ஸ் பூங்கா நிர்வாகம் 2016இல் விதி கொண்டுவந்தது. மீறினால் 2,500 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. கேமல்பேக் மலையின் இரு பாதைகளிலும் பயஸ்டவா சிகரத்தின் உச்சிப் பாதையிலும் எந்த நாளிலும் நாய்களுக்கு அனுமதி இல்லை. இந்த விதி பல உயிர்களைக் காத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆயினும் அதைப் படிப்பவர்களில் பலர், 100 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்கிறார்கள். நாய்க்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நாட்களிலேயே வெப்பவாதத்தோடு, அதாவது உடல் அளவுமீறிச் சூடாகி உறுப்புகள் பழுதடையும் ஹீட் ஸ்ட்ரோக்கோடு, நாய்கள் வந்து சேர்கின்றன. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் படுத்திருந்த உடல் வெயிலுக்குப் பழகச் சில வாரங்களாவது ஆகும். அந்த அவகாசம் தரப்படாமல், முதல் வெயில் வாரத்திலேயே நான்கு மணிநேர மலையேற்றத்துக்கு அது அழைத்துச் செல்லப்படுகிறது. பூட்டிய காரில் விடப்பட்ட நாய்தான் வெப்பத்தால் சாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, ஓடியோ நடந்தோ உடலை வருத்தியதால் பாதிக்கப்பட்டவை என்று தெரியவந்தது. அது குளிர்ந்த நாடு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ந்துகொள்ளும் வசதி அதற்கு இல்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும், அது போதாது. நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை வேகமான மூச்சால் ஆவியாக்கித்தான் அது தன் உடலைக் குளிர்விக்கிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் ஈரம் விரைவாக ஆவியாகும் என்பது ஒரு வகையில் நன்மைதான். ஆனால் உடலிலுள்ள நீரும் அதே விரைவில் தீர்ந்துபோகிறது, இரைப்புக்கு உழைக்கும் தசைகளும் தம் பங்குக்கு வெப்பத்தை உண்டாக்குகின்றன. நீர் குறைந்து நாக்கு உலர்ந்துவிட்டால், எவ்வளவு வேகமாக இரைத்தாலும் பயனில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த மூச்சுவழியே பிறவியிலேயே குறுகியிருக்கிறது. அவற்றை எந்தப் பருவத்திலும் நீண்ட பாலைவனப் பாதைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடல் பருத்தவையும், வயதாகிக் குரல்வளை தளர்ந்த லாப்ரடார்களும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கின்றன.

தரையின் வெப்பத்தை நாம் காலணிக்கு மேலிருந்து உணர்வதில்லை. காற்று 30 டிகிரியில் இருக்கும்போது, நேர்வெயிலில் கிடக்கும் பாறையும் மணலும் 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும்; நாயின் பாதங்கள் அதை மிதிக்கின்றன, அதன் வயிறோ அதற்கு ஓரடி உயரத்தில் இருக்கிறது. பாதத் திண்டு வெந்த நாயைப் பரிசோதிக்கும்போது, கறுத்துத் தடித்த மேல்தோல் விளிம்பிலிருந்து ஒரு தகடாகத் தூக்கி நிற்கும். அதன் அடியில் இளஞ்சிவப்பாகக் கசியும் சதை தெரியும். அந்தக் காலோடு அது ஆறு கிலோமீட்டர் திரும்பி நடந்திருக்கும், ஒரு முறைகூட முனகியிராது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அந்தத் தரையில் நாயை நடத்தக் கூடாது.

முனகியிராது என்று சொன்னேன். இந்தப் பிரச்சினையின் மையம் அதுதான். மனிதன் களைத்தால் உட்காருவான், திரும்பலாம் என்று சொல்வான். நாய் தன் மனிதர் முன்னே நடக்கும் வரை நடக்கும். அது நின்றுவிட்டது, நிழலைக் கண்டு படுத்துவிட்டது, அழைத்தும் வரவில்லை என்றால், அது அடம்பிடிப்பதாக எண்ணி லீஷைப் பிடித்து இழுக்காதீர்கள். தாங்கும் எல்லையை அது ஏற்கெனவே கடந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகள் உண்டு. நாக்கு வழக்கத்தைவிட நீண்டு, நுனி அகன்று, கரண்டிபோல் மேல்நோக்கி மடங்கும். எச்சில் கெட்டியாகிக் கயிறுபோல் தொங்கும். ஈறு செங்கல் நிறமாகச் சிவக்கும், பிறகு வெளுக்கும். பின்னங்கால்கள் தடுமாறும். வாந்தியோ இரத்தம் கலந்த கழிச்சலோ கண்டால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இது ஒரு பொருட்டா என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது அவர்கள் உடலைப் பற்றி உண்மையாக இருக்கலாம். கூட வரும் பனிநாட்டு ஹஸ்கிக்கு வேலூர் தெரியாது.

ஆகவே எப்போது திரும்புவது என்பதைக் காரில் ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். 25 கிலோ எடையுள்ள நாய்க்கு, ஒன்றும் செய்யாமல் வீட்டில் கிடக்கும் நாளிலேயே ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். அரைநாள் பாலைவன நடைக்கு அதற்கென்று மட்டும் இரண்டு லிட்டரும், தேவைப்பட்டால் உடலில் ஊற்ற இன்னும் ஒரு லிட்டரும் எடுத்துச் செல்லுமாறு நான் சொல்வேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக மடமடவென்று குடித்தால் வாந்தி எடுக்கும். தண்ணீரில் பாதி தீர்ந்தால், உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். மனிதர்களுக்கான உப்புச்சத்து பானங்களையும் சர்க்கரையில்லா இனிப்புகளையும் கொடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு.

விடியற்காலையில் போனால் போதுமா என்று கேட்கிறார்கள். ஃபீனிக்ஸில் 2024ஆம் ஆண்டு தொடர்ந்து 113 நாட்கள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஜூலையில் விடியும்போதே 32 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாட்கள் சாதாரணம், பாறைகளும் இரவில் முழுமையாக ஆறுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தாழ்நிலப் பாலைவனத்தின் நீண்ட பாதைகளை நாய்க்கு மூடப்பட்டவையாகவே கருதுங்கள். இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல் கார் ஓட்டினால் 2,100 மீட்டர் உயரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப்பின் பைன் காடுகள் இருக்கின்றன. கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்புப் பாதையில் நாயை நடத்தலாம், விளிம்புக்குக் கீழே இறக்க அனுமதியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் பாதையில் சரிந்துவிட்டால், முதலில் குளிர்வியுங்கள், பிறகு கொண்டு வாருங்கள். வரிசை மாறினால் உயிர் போகலாம். பலர் பதற்றத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் எடுக்கும் முக்கால் மணிநேரமும் 42 டிகிரி உடல் வெப்பத்தில் உள்ளுறுப்புகள் வெந்துகொண்டிருக்கின்றன. இருக்கும் நிழலுக்குள் இழுத்து, வயிறு, அக்குள், தொடையிடுக்கு, காதுகள் நனையும்படி தண்ணீரை ஊற்றி, தொப்பியாலோ சட்டையாலோ விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். 35 டிகிரித் தண்ணீரும் அந்த உடலைவிடக் குளிர்ச்சியானதுதான். குளிர்ந்த நீர் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஈரத் துண்டைப் போர்த்திவிடுவதுதான் பழைய பழக்கம். சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கிறது என்பதால் அதைக் கைவிடச் சொல்கிறோம். நினைவிழந்த நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பாரசிட்டமால் போன்ற காய்ச்சல் மாத்திரைகள் இந்த வெப்பத்தைக் குறைக்காது. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலை மேலும் கெடுக்கும். 30 கிலோ நாயை இருவர் சேர்ந்து சுமக்க உதவும் துணித் தூளி ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. காரில் ஏசியை முழுவேகத்தில் வைத்து, வரும் வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பாதையில் வேறு ஆபத்துகளும் உண்டு. ச்சோயா கள்ளியின் முள்ளுருண்டை ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காமல் அகலப் பல் சீப்பை அடியில் செருகித் தள்ளிவிட வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால் கீறவோ கட்டுப்போடவோ வேண்டாம்; நாயை நடக்கவிடாமல் சுமந்து விஷமுறிவு மருந்துள்ள இடத்துக்கு வர வேண்டும். நாயைக் குட்டையான லீஷில் பிடித்து நடந்தால் இவ்விரு ஆபத்துகளையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

குளிர்வித்த பிறகு நாய் எழுந்து வாலாட்டும், தண்ணீர் குடிக்கும். சரியாகிவிட்டது என்று எண்ணி வீட்டுக்கே அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். வெப்பத்தால் சிதைந்த இரத்தக் குழாய்களும் இரத்தத்தை உறையவைக்கும், குறைந்துவரும் தட்டணுக்களும் தம் விளைவைக் காட்டச் சில மணிநேரம், சில வேளைகளில் ஒரு நாள்கூட ஆகலாம். மறுநாள் காலையில் வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகளோடும் இரத்தக் கழிச்சலோடும் அதே நாய் வரும்போது எங்களால் செய்யக்கூடியது வெகுவாகக் குறைந்திருக்கும். எழுந்து நடந்தாலும் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்த உறைவு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றை நாங்கள் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும், சலைன் ஏற்ற வேண்டும், ஓரிரு நாட்கள் கண்காணிப்பில் வைக்க வேண்டியிருக்கும். அப்படிப் பிழைத்த நாயை அந்த ஆண்டு வெயிலில் மீண்டும் மலைக்கு அழைத்துச் செல்ல நான் சம்மதிப்பதில்லை. நவம்பருக்குப் பிறகு, இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தால், அரை மணிநேரச் சமதள நடையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.