குளிர்கால மனச்சோர்வு: ஜிபி கடிதம் இல்லாமலே என்ஹெச்எஸ் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம்

டிசம்பர் கடைசியில் லண்டனில் விடியவே காலை 8 மணி ஆகிறது. மாலை 4 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. கிடங்கிலோ கடையிலோ வேலை பார்ப்பவர்கள் வாரக்கணக்கில் வெயில் முகமே பார்ப்பதில்லை. இதில் எல்லோருக்கும் கொஞ்சம் அலுப்பு வரும்தான். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் எவ்வளவு தூங்கினாலும் எழ முடியவில்லை, சோறும் இனிப்பும் தேடித் தேடிச் சாப்பிடுகிறீர்கள், ஒருவர் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை, வசந்தம் வந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம்.

இதற்கு இங்கிலாந்தில், அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் ‘என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ்’ என்ற பேச்சு சிகிச்சைச் சேவை இருக்கிறது. 18 வயது நிரம்பியவராக, ஏதாவது ஒரு ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்தவராக இருந்தால் போதும். கட்டணம் கிடையாது. ஜிபியின் பரிந்துரைக் கடிதமும் வேண்டாம். உங்கள் பகுதிச் சேவையின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே பதியலாம். இன்னும் ஜிபியிடம் பதியாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். விசா நிலையையோ முகவரிச் சான்றையோ காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பதிந்த பிறகு ஒரு கேள்வித்தாள் வரும். கடந்த 2 வாரத்தில் ஆர்வமின்மை, தூக்கம், களைப்பு, பசி போன்றவை எத்தனை நாள் தொந்தரவு செய்தன என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். நம்மவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறோம். ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடுகிறோம், அல்லது உடம்பு வலியை மட்டும் சொல்கிறோம். தூக்கம் பற்றிய கேள்வியில் அதிகம் தூங்குவதும் அடங்கும், பசியில் அதிகம் சாப்பிடுவதும் அடங்கும். தாள் 2 வாரத்தைத்தான் கேட்கிறது. அதனால் ‘இது வருடாவருடம் குளிர்காலத்தில் வருகிறது’ என்பதைப் பேசும்போது நீங்களாகச் சொல்லுங்கள்.

9ஆவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. வந்தால் மறைக்க வேண்டாம், சந்திப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம்: என்ஹெச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைத்து, மனநல உதவிக்கு 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999.

ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச வராதா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேச வைக்காதீர்கள். மகள் முன்னால் எந்த அம்மா உள்ளதைச் சொல்வாள்?

75 சதவீதம் பேருக்கு 6 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. முதல் சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீளலாம். வருடாவருடம் படுகிறவர்கள் செப்டம்பரிலேயே பேசிவிடுவது நல்லது. மாத்திரை வேண்டுமா என்பதை ஜிபியிடம் கேட்க வேண்டும்.

லைட் பாக்ஸ், அதாவது வெயிலுக்குப் பதிலாகப் பிரகாசமான வெளிச்சம் தரும் விளக்கு, என்ஹெச்எஸ்ஸில் பொதுவாகக் கிடைக்காது. காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தின் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உட்காருவது சிலருக்கு உதவுகிறது. ஆனால் ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை. முதல் செலவு அதுவாக இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கண் நோயோ பைபோலார் கோளாறோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

அப்புறம் வேலை. 7 நாள் வரை நோய் விடுப்புக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. அதற்கு மேல் ‘ஃபிட் நோட்’ என்ற மருத்துவச் சான்று வேண்டும். மனச்சோர்வு அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, திரும்பத் திரும்ப வரக்கூடியதாக இருந்தால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அதை ஊனமாகக் கருத இடமுண்டு. அப்போது ஜன்னலோர இருக்கை, பகலில் வெளியே நடக்க இடைவேளை, சற்றுத் தாமதமான ஷிஃப்ட் போன்ற நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். வாயால் கேட்டு விட்டுவிடாமல் மேலாளருக்கு மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்.