சுழியோடிப் பயிற்றுநராக வெளிநாடு போகமுன்: எந்தக் கடல், எந்த வீசா, எந்த மாதம்

முல்லைத்தீவிலும் சிலாவத்துறையிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்கிப் பழகிய பெடியளில் சிலர், "பயிற்றுநர் கோர்ஸ் முடிச்சா எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்ட கையோடு அவர்கள் காட்டும் யூரியூப் காணொளிகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கடவுச்சீட்டோடு திரிகிறவர்கள் எடுத்தவை. அவர்களுக்கு இன்று தாய்லாந்து, அடுத்த மாதம் அவுஸ்திரேலியா. சுற்றித் திரிந்தபடியே வேலையும் செய்ய விடும் அந்த அவுஸ்திரேலிய 'வேர்க்கிங் ஹொலிடே' வீசா இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கிடையாது. எங்கே மீன் வடிவு என்று தேடமுன் மூன்று விடயம் தெரிய வேண்டும்: வீசாவை யார் எடுத்துத் தருவார், கடல் மூடும் மாதங்களில் யார் சம்பளம் தருவார், விபத்து நடந்தால் அமுக்க அறை (உயர் அமுக்கத்தில் ஒட்சிசன் கொடுத்து உடம்பிலுள்ள வாயுக் குமிழைக் கரைக்கும் சிகிச்சை அறை) எத்தனை மணி நேரத் தூரம்.

அதற்கும் முன் உடம்பு. வருடக்கணக்காகக் கடலட்டைக்கு இறங்கியவர் ஒரே நாளில் பல சிலிண்டர் முடித்திருப்பார். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கொம்பியூட்டர் கையில் இருந்திராது. மேலே ஏறுவதும் அவசரமாகத்தான் இருந்திருக்கும். தோள், இடுப்பு நோவை வாதம் என்று எண்ணெய் தேய்த்துச் சமாளித்திருப்பார். உடம்பில் கரைந்த நைதரசன் குமிழாகி எலும்புக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்தால், தொடை எலும்பின் தலையும் மேற்கை எலும்பின் தலையும் மெல்ல மெல்ல இறந்துபோகும். தொடக்கத்தில் நோவே இருக்காது. எக்ஸ்றேயில் தெரியாதது எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம். ஆனால் போர்க்காலச் செல்துண்டு உடம்பில் இருப்பவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகமுன் அதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும். நெஞ்சில் காயம் பட்டவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. நுரையீரல் தழும்புக்குள் காற்று சிக்கிக்கொண்டால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நெஞ்சு, காது, கேட்டல், மூட்டு எல்லாவற்றையும் கோர்ஸ் காசு கட்டமுன் பரிசோதியுங்கள். கட்டிய பிறகு மருத்துவர் கையொப்பமிட மறுத்தால் அந்தக் காசு திரும்பி வராது.

அடுத்தது லொக்புக், அதாவது ஒவ்வொரு முழுக்கையும் பதியும் குறிப்பேடு. தொழிலுக்கு ஆயிரம் தடவை இறங்கியிருந்தாலும், சான்றிதழ் எடுக்கமுன் இறங்கிய, பதிவில்லாத முழுக்குகள் கணக்கில் வராது. 'பாடி' (PADI) என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் முறையில், பயிற்றுநருக்கு முந்திய படியான டைவ்மாஸ்டர் தொடங்க 40 முழுக்கு, முடிக்க 60, பயிற்றுநர் தேர்வுக்கு இருக்க 100. வயது 18, முதல் சான்றிதழ் எடுத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று 12 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தேர்வின் கோட்பாட்டுத் தாளில் பௌதிகம், உடற்றொழில், உபகரணம், திறனும் சூழலும், அமுக்க நீக்கக் கோட்பாடு என ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் ஒழுங்காகப் படித்தவருக்குப் பௌதிகம் பயமில்லை. சறுக்குவது தண்ணீருக்கடியில் செய்துகாட்டும்போதுதான். மாஸ்க்கைக் கழற்றித் திரும்பப் போட்டுத் தண்ணீரை ஊதி வெளியேற்றுவதைத் தொழில் சுழியோடி கண்மூடித் திறக்கமுன் முடித்துவிடுவார். தேர்வாளர் பார்ப்பது வேகத்தை இல்லை. கை எங்கே போகிறது, மூக்கால் எப்போது ஊதுகிறீர்கள் என்பது முதல் நாள் மாணவனுக்கும் விளங்க வேண்டும். கைப்பழக்கம் கூடியவருக்கே இந்த மெதுவான வேலை பெரிய சிரமம்.

நூறு முழுக்கும் ஒரு சான்றிதழும் வைத்திருப்பவரை நல்ல விடுதி எதுவும் தேடி வராது. மாலைதீவு விளம்பரங்களில் அடிக்கடி கேட்கப்படுவது அடுத்த படி: ஐந்து சிறப்புப் பாடங்களைக் கற்பிக்கும் தகுதியும், 25 மாணவருக்குச் சான்றிதழ் கொடுத்த பதிவும். அந்த 25ஐ நாட்டுக்குள்ளேயே எடுக்கலாம், வீசாச் செலவில்லை. சோளகக் காலத்தில் கிழக்குக் கரை தெளியும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் புறாத்தீவிலும் வேலை. வாடை தொடங்க அங்கே கடல் குழம்பும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டி, ஹிக்கடுவை, உனவட்டுன. காற்றைப் பார்த்து வாடியை மாற்றுகிற வழக்கம் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் புதிதில்லையே. பயிற்றுநர் தொழிலும் அதேபோலத்தான் ஓடும். இரண்டு கரையிலும் ஒரு முழுச் சுற்று ஓடாமல் வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பது நேர விரயம்.

பிறகு நாடுகள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு முதல் தெரிவு மாலைதீவு என்பது எங்கள் அபிப்பிராயம். ஆண்டு முழுக்க வேலை உண்டு, பயணச் செலவு குறைவு, இலங்கை ஊழியர்களை எடுத்துப் பழகிய விடுதிகள். ஆனால் கடல் வேறு. மன்னார்ப் பக்கத்தில் ஆழங்குறைந்த கலங்கல் நீரில் பழகியவரும், புறாத்தீவின் அமைதியான பாறைகளில் பழகியவரும் அங்கே பவளப்பாறைகளுக்கிடையே ஓடும் வாய்க்கால் நீரோட்டத்தைக் கண்டு திகைப்பார்கள். நீரோட்டத்தோடு போகும் முழுக்கு, மிதவையை நீருக்குள்ளிருந்தே ஊதி மேலே அனுப்புவது, குழு சிதறாமல் இறக்குவது, இவற்றை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். பொழுதுபோக்கு முழுக்குக்கு அங்கே எல்லை 30 மீற்றர். அதைத் தாண்டிக் கூட்டிப்போனால் வேலை போகும். இன்னொன்று: சுழியோடல் நிலையத்தை விடுதியே நடத்துகிறதா, வெளிக் கம்பனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறதா என்று கேளுங்கள். விருந்தினரிடம் அறவிடும் சேவைக்கட்டணப் பங்கு விடுதி ஊழியருக்கு வரும். குத்தகைக் கம்பனி ஊழியருக்கு வராமல் போகலாம். ஒரே தீவில் ஒரே வேலை செய்யும் இருவருக்குக் கைக்கு வரும் காசு இதனால் பெரிதாக மாறும்.

எகிப்தின் செங்கடலில் வருடம் முழுக்க முழுகலாம். ஆனால் அங்குள்ள தொழிற்சட்டம் வெளிநாட்டு ஊழியரைப் பொதுவாகப் பத்தில் ஒருவராக மட்டுப்படுத்துகிறது. அந்த இடங்களும் ரஷ்ய, ஜெர்மன், இத்தாலிய மொழி தெரிந்தவர்களுக்கே போகும். குளிர்காலத்தில் நீர் 21, 22 பாகைக்கு இறங்கும். கேட்கச் சின்ன எண்தான். மாணவரோடு அசையாமல் முழந்தாளில் இருந்து நாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாய்லாந்தின் கோ தாவ் தீவில் சுழியோடல் பாடசாலைகள் நிறைய, ஆனால் சம்பளம் பெரும்பாலும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. வேலை அனுமதிக்கு ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய் ஊழியர், 20 இலட்சம் பாட் மூலதனம் என்ற விதி சின்னச் சுழியோடல் கடைகளுக்குப் பாரம். சிமிலன் தீவுகள் மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடியே கிடக்கும். மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை ஓய்வு. அந்தமானில் தமிழ் கேட்கும், மனம் இழுக்கும். ஆனால் இந்திய வேலை வீசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 16.25 இலட்சம் இந்திய ரூபாய்க்குக் குறையக்கூடாது. அவ்வளவு கொடுக்கும் சுழியோடல் கடை அரிது.

கனடாவில் மாமா இருக்கிறார் என்பது சுழியோடத் தெரிவு செய்யும் காரணமாகாது. ஒன்ராறியோவின் டொபர்மோரியில் மூழ்கிய கப்பல்கள் உண்டு, பருவம் கோடையை ஒட்டியது மட்டும், ஆழத்தில் நீர் 4, 5 பாகை. அதற்கு உடம்பு நனையாத உலர் உடை வேண்டும், அது தனிப் பயிற்சி.

இடம் முடிவானால் கடையைப் பாருங்கள். போகாமலே பார்க்கலாம், வட்ஸ்அப் வீடியோ அழைப்பில், சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கொம்பிறசரைக் காட்டச் சொல்லுங்கள். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? எஞ்சின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலோ, படகு நிறுத்தும் இடத்துக்கு நேரேயோ இருந்தால் காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமில்லை. 30 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. மேலே தலையிடி தராத அளவு கீழே ஆளை மயக்கிவிடும். வடிகட்டி மாற்றிய திகதி எழுதிய பதிவைக் கேளுங்கள். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் கிட்டக் காட்டச் சொல்லுங்கள். நீரமுக்கச் சோதனை பல நாடுகளில் ஐந்து ஆண்டுக்கொருமுறை. காட்டத் தயங்கும் கடை உங்களுக்கு வேண்டாம்.

விபத்துக்கு முதலுதவியாகக் கொடுக்கும் ஒட்சிசன் பெட்டியைத் திறக்கச் சொல்லி மானியைப் பாருங்கள். கணக்கு லேசு: 5 லீற்றர் சிலிண்டர், 200 பார் என்றால் 1000 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல் தாங்கும். அமுக்க அறைக்கு மூன்று மணி நேரப் படகுப் பயணம் என்றால் அந்த ஒன்று போதாது. "நாட்டில் அமுக்க அறை இருக்கு" என்ற பதிலோடு விடாதீர்கள். மாலைதீவு வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலை நாலு மணி முழுக்குக்குப் பிறகு மாணவருக்குக் கை மரத்தால் (நைதரசன் குமிழின் அறிகுறியாக இருக்கலாம்) எந்தப் படகு, எத்தனை மணி நேரம், யார் கூடப் போவார் என்று கேளுங்கள்.

வேலைக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், மாணவர் தலைக்கான தரகு, பருவமில்லாத மாதக் கொடுப்பனவு, தங்குமிடம், சாப்பாடு, ரிக்கற் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். தரகு மட்டும் தருவதாகச் சொன்னால் 12 மாதத்தில் கடல் திறந்திருக்கும் மாதங்களைக் கொண்டு பெருக்கிப் பாருங்கள், பிறகு பயிற்சி அமைப்புக்குக் கட்டும் ஆண்டு உறுப்புரிமைக் கட்டணத்தையும் காப்புறுதியையும் கழியுங்கள். காப்புறுதி இரண்டு வகை: உங்களுக்கு நடக்கும் விபத்துக்கு ஒன்று, மாணவருக்கு நடந்தால் உங்கள்மீது வரும் வழக்குக்கு இன்னொன்று. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டும் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. "ஆறு மாதம் சம்பளமில்லாமல் பழகு, பிறகு வேலை தாறம்" என்பது இலவச உழைப்பு; சிலிண்டர் சுமக்க ஆள் தேடுகிறார்கள்.

சுற்றுலா வீசாவில் இறங்கிப் பிறகு மாற்றலாம் என்று சொன்னால் போகவே வேண்டாம். முறை இதுதான்: எழுத்தில் வேலைக் கடிதம், முதலாளி எடுக்கும் வேலை அனுமதி, பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு, கடைசியில் ரிக்கற். இடையில் முகவர் இருந்தால் பணியகம் கொடுத்த உரிம இலக்கத்தைக் கேட்டுச் சரிபாருங்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருக்க விடாதீர்கள்.

பெட்டியில் மாஸ்க், டைவ் கொம்பியூட்டர், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேற்றர், மிதவை, உடம்புக்குப் பொருந்தும் சூட் போதும். மிதப்புச் சட்டையும் எடைக்கட்டியும் கடையிலேயே இருக்கும். வீட்டில் செத்தவீடென்று அழைப்பு வந்தாலும், தொடர்ந்து முழுகிய நாட்களுக்குப் பிறகு கரைந்த நைதரசன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் கழிந்தே விமானம் ஏற வேண்டும். கடல்விமானத்துக்கும் இதே கணக்கு. போகும் முன்னமே வீட்டாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.