அழுகிப்போன மாட்டு மூளையில் சோதனை எவ்வளவு செல்லும்?

வன்னியில் மாடுகள் எல்லாம் பட்டிக்குள்ளேயே சாவதில்லை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்கு மேயப்போனது திரும்பாவிட்டால், சில நாள் கழித்துக் காகமும் நாற்றமும்தான் இடத்தைக் காட்டும். சித்திரை வெயிலில் அதற்குள் மூளை கரையத் தொடங்கிவிடும். அதை எடுத்து, ஏ9 வீதியால் கண்டிப் பக்கம் கொண்டுபோய், கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் கொடுத்துப் பயன் உண்டா? எந்த நோயைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

அழுகலுக்கு எளிதில் மசியாத நோய் ஒன்று இருக்கிறது. 1986இல் பிரித்தானியாவில் அடையாளம் காணப்பட்ட பி.எஸ்.ஈ., 'மாட்டுப் பித்து நோய்' என்று செய்திகளில் அடிபட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துச் செய்த தீவனத்தால் பரவி, அந்த நாட்டில் மட்டும் 180,000க்கும் அதிகமான மாடுகளைப் பிடித்தது. வைக்கோலும் காட்டுப்புல்லும் தின்னும் எங்கள் பட்டி மாடுகளின் கதை வேறு. ஆனாலும் அந்த நோய்க்காக உருவான விரைவுச் சோதனையை நாங்கள் விளங்கிக்கொள்வது நல்லது.

இந்த நோய்க்குக் காரணம் வைரசோ பக்றீரியாவோ அல்ல. மூளையில் இயல்பாக உள்ள ஒரு புரதமே உருத்திரிந்து பிரியானாகிறது. சோதனையில், ஏறக்குறைய அரைக் கிராம் மூளைத்தண்டை அரைத்து, புரோட்டினேஸ் கே என்ற நொதியத்தைச் சேர்ப்பார்கள். இயல்பான புரதம் முழுவதும் செரித்துப்போகும். திரிந்த புரதத்தின் நடுப்பகுதி இறுகிக் கிடப்பதால் நொதியத்தால் அதை அறுக்க முடியாது. மிஞ்சியதைப் பிறபொருளெதிரி, அதாவது குறித்த ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் இன்னொரு புரதம், பற்றிக்கொள்ளும். எலைசா முறையில் அது நிறமாகவும், புரதங்களை அளவின்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் மூன்று பட்டைகளாகவும் தெரியும். சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும்.

அழுகும்போதும் நடப்பது ஏறக்குறைய இதுதான். பக்றீரியாக்களின் நொதியங்களும் செத்த கலங்களின் நொதியங்களும் புரதங்களைத் தின்கின்றன. பிரியான் பெருமளவு தப்பிவிடுகிறது. அதனால் நாறிய மூளையிலும் 'உண்டு' என்று வந்தால் நம்பலாம். நுணுக்குக்காட்டியில் மூளையின் துளைகளைப் பார்க்கும் பழைய முறைக்கு இந்தப் பலம் இல்லை. அழுகலே இழையத்தைச் சிதைத்துத் துளையாக்கிவிடும்.

சிக்கல் 'இல்லை' என்ற முடிவில்தான். மண்டையோட்டின் பின் துவாரத்தால் நீண்ட கரண்டியை விட்டு, மூளைத்தண்டில் ஒபெக்ஸ் என்ற சிறு பகுதியை எடுப்பார்கள். மூளைக்குள் பிரியான் முதலில் சேருவது அங்கேதான். மூளை கஞ்சியாகிவிட்டால் கரண்டியில் வந்தது ஒபெக்ஸா, பக்கத்து இழையமா என்று யாராலும் சொல்ல முடியாது. கருவி சரியாக வேலை செய்தும், நோயுள்ள துண்டு குழாய்க்குள் போகாமலே இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட 'இல்லை'யை வைத்து மாடு நோயற்றது என்று எழுதக்கூடாது.

எங்கள் ஊர்களில் உண்மையில் பயப்பட வேண்டிய மூளை நோய் விசர்நாய்க்கடி. இங்கே அழுகல் இரட்டைக் கெடுதி செய்கிறது. வைரசின் புரதத்தைப் பிறபொருளெதிரி கொண்டு பச்சையாக ஒளிரவைப்பதுதான் வழமையான சோதனை. அந்தப் புரதத்துக்குப் பிரியானின் உறுதி கிடையாது, வெயிலில் சிதைந்துவிடும். சோதனைக்கு வேண்டிய மூளைத்தண்டும் சிறுமூளையும் எவையென்று தெரியாமலும் போகும். ஆகவே 'உண்டு' என்றால் உண்டு. அழுகிய மாதிரியின் 'இல்லை'யோ செல்லாது. வைரசின் ஆர்.என்.ஏ.யைத் தேடும் பி.சி.ஆர். சில வேளை கைகொடுக்கும்.

மாடு செத்த உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லி, மாதிரியை ஐஸ் பெட்டியில் அனுப்புவதுதான் சரி. ஐஸ் இல்லாவிட்டால் 50 வீதக் கிளிசரின் கரைசல் உதவும். தலையை நீங்களே வெட்டப் போகாதீர்கள்.

விசர் பிடித்த மாட்டுக்கு விழுங்க முடியாது, வீணீர் வடியும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்படிக் கைவிட்டிருந்தால், சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைக் கேளுங்கள். மாடு செத்து அழுகிப்போயிருந்தால், ஆய்வுகூடத்திலிருந்து 'இல்லை' என்று கடதாசி வந்தாலும், டொக்டரைக் கேளாமல் ஊசியை இடையில் நிறுத்தக்கூடாது.