உப்புக் கலக்கப்போகும் நீரிலிருந்து உப்பை ஏன் நீக்க வேண்டும்?

கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்பும் சென்னை வாசகர் ஒருவர் நியாயமான ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கொட்டிக் கலக்கப்போகிற தண்ணீரிலிருந்து, அதற்கு முன்பு ஒரு கிராம் உப்பை நீக்குவதற்காக ஓர் இயந்திரம் எதற்கு? வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், குறைந்த செலவில் எதை வாங்குவது?

முதல் கேள்விக்கான விடை ஆவியாதலில் இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். போவது தண்ணீர் மட்டுமே. கரைந்தவை யாவும் தொட்டியிலேயே தங்கிவிடும். கோடையில் லிட்டருக்கு 1,100 மில்லிகிராம் கரைபொருள் காட்டும் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரால் அதை ஈடுசெய்தால், ஓராண்டில் 800 கிராம் வேண்டாப் பொருள் உள்ளே போய்ச் சேரும். வாரந்தோறும் நீரை மாற்றும்போது ஒரு பகுதி வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் எடையைவிடக் கவனிக்க வேண்டியது, சேர்வது எது என்பதே. பவளப்பாறைகள் வாழும் கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் மிகமிகச் சொற்பம். கிணற்று நீரிலோ அவை பன்மடங்கு இருக்கக்கூடும். பித்தளை இணைப்புகளிலிருந்து கரையும் தாமிரம், இறால், பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களை மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த நீர் நல்லது என்ற நம்பிக்கையை யாரும் மீன்தொட்டிவரை நீட்டிவிடக் கூடாது. கொதிக்க வைப்பதும் உதவாது. கிருமிகள் சாகும், சிலிக்கா அப்படியே இருக்கும்.

கரைந்தவற்றை நீக்கும் வேலையில் முதல் படி, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல். அதை அறியாத வீடு இன்று குறைவு. வண்டல் வடிப்பான் மண்ணைப் பிடிக்கிறது, கரி வடிப்பான் சவ்வை அரிக்கும் குளோரினைப் பிடிக்கிறது, அழுத்தம் நீரைச் சவ்வின் வழியே தள்ளுகிறது, உப்பில் பெரும்பகுதி பின்தங்கிவிடுகிறது. 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்விலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. சவ்வு ஆராய்ச்சி போன்ற பொறுமையான பொருளறிவியலுக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சவ்வைக் கடக்கும் நீரின் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. சவ்வினூடே கசியும் உப்பின் அளவோ அழுத்தத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அழுத்தம் குறைந்தால் நீர் குறைவாக வருவதோடு, வருகிற நீர் உப்பு மிகுந்தும் வரும். வீட்டுச் சவ்வுக்கு ஏறத்தாழ 3.5 முதல் 4 பார் அழுத்தம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.6 பார்தான். அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் இல்லாத கருவியை விலை மலிவு என்பதற்காக நம் ஊரில் வாங்குவது நட்டம்.

நல்ல சவ்வும் 95 முதல் 98 விழுக்காடு வரைதான் நீக்கும். எஞ்சியதை நீக்குவது அயனிப் பரிமாற்றப் பிசின். என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான். கடுகைவிடச் சிறிய நெகிழி மணிகள் ஒரு குடுவை நிறைய இருக்கும். அவற்றில் ஒருவகை மணி ஹைட்ரஜன் அயனிகளையும், மற்றொரு வகை ஹைட்ராக்சில் அயனிகளையும் ஏந்திக் காத்திருக்கிறது. சோடியம் வந்தால் முதல் மணி அதைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுகிறது; குளோரைடு வந்தால் இரண்டாம் மணி அதைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சிலை விடுகிறது. விடுபட்ட இரண்டும் சேர்ந்தால் தண்ணீர்! பொதுவாக இத்தகைய பரிமாற்றம் ஒரு சமநிலையில் நின்றுவிடும். விடுபட்ட அயனி திரும்பி வந்து தன் பழைய இடத்தைக் கேட்கும். இங்கே இரு வகை மணிகளும் கலந்து கிடப்பதால், விடுபட்டவை உடனுக்குடன் நீராகி மறைகின்றன; திரும்பி வர யாரும் இல்லை. அதனால்தான் வினை முன்னோக்கியே ஓடி, கரைபொருளை அளக்கும் மீட்டரில் சுழியம் வரும்வரை நீர் தூய்மையாகிறது.

பிசின் மட்டுமே போதாதா என்றால், கணக்கு ஒத்துவராது. ஒரு லிட்டர் கலப்புப் பிசின் 1,100 அளவுள்ள நீரில் ஏறத்தாழ 25 லிட்டரைத் தூய்மையாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். 95 விழுக்காடு நீக்கும் சவ்வை முன்னால் வைத்தால் அதே பிசின் 500 லிட்டர் வரையிலும், 98 விழுக்காடு நீக்கும் சவ்வை வைத்தால் 1,200 லிட்டர் வரையிலும் வரும். சவ்வின் தரத்தில் மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பிசின் இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளும். எனவே பணத்தைச் சவ்விலும் பம்பிலும் போடுங்கள். புற ஊதா விளக்கையும் பளபளக்கும் பெட்டியையும் விட்டுவிடலாம்.

குடிநீருக்காக விற்கும் சாதாரண ஆர்.ஓ. கருவியுடன் ஒரு பிசின் குடுவையை இணைத்துக்கொள்வதே நம் ஊரில் மலிவான வழி. ஆனால் ஓர் எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய கருவியின் நீர், சவ்வைப் புதிதாக மாற்றிய பிறகும் 80 காட்டியது. மூடியைத் திறந்து பார்த்தபோது, கச்சா நீரில் கொஞ்சத்தைச் சுவைக்காகத் திருப்பிக் கலக்கும் சிறு திருகு ஒன்றும், அதற்கடுத்து ஒரு தாதுக் குடுவையும் இருந்தன. குடிக்க அவை நல்லவை. தொட்டிக்கு இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.

நிறம் மாறும் பிசினை ஒளிபுகும் குடுவையில் வாங்குவது நல்லது. என்னுடையதில் நீலத்தைப் பழுப்பு நிறம் கீழிருந்து மெல்ல விழுங்கிக்கொண்டு மேலேறுவது தெளிவாகத் தெரியும். மீட்டரை மட்டும் நம்பக் கூடாததற்குக் காரணம் உண்டு. பிசின் நிரம்பும் தறுவாயில் குளோரைடு போன்ற வலிய அயனிகள், தளர்வாகப் பிடிபட்டிருந்த சிலிக்காவை முதலில் வெளியே தள்ளும். சிலிசிக் அமிலம் நீரில் பெரும்பாலும் மின்னேற்றமின்றி இருப்பதால், மின்கடத்தலை அளக்கும் மீட்டர் அப்போதும் சுழியமே காட்டும். சிலிக்காவைக் கொண்டு வளரும் பழுப்புப் பாசி தொட்டியின் கண்ணாடியில் படர்ந்த பிறகுதான் விவரம் தெரியும். இரண்டு குடுவைகளைத் தொடராக வைத்து, முதலாவது முழுதும் பழுப்பானதும் இரண்டாவதை அதன் இடத்துக்கு நகர்த்திப் புதியதைப் பின்னால் பொருத்துவது சிக்கனமான வழி.

200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 40 லிட்டர் போதும். நாளொன்றுக்கு 75 கேலன் தரும் சாதாரணச் சவ்வு அதை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தந்துவிடும், பெரியது தேவையில்லை. அடிக்கடி சிறிது சிறிதாகப் பிடிக்காமல், வாரம் ஒருமுறை ஒரே மூச்சில் நெகிழிப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். கருவி ஓய்ந்திருக்கும்போது உப்பு சவ்வைத் தாண்டி ஊறி வந்திருக்கும் என்பதால், தொடக்கத்தில் வரும் சில நிமிட நீரைப் பிசினுக்குள் விடாமல் வெளியே விட்டுவிட வேண்டும். ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று லிட்டர் என்ற கணக்கில் வெளியேறும் கழிவுநீர் எங்கள் வீட்டில் 1,450 அளவில் இருக்கிறது. செடிகளுக்கு ஊற்றாமல், தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம்.